நாலு எழுத்து படித்த மிஷின்



மருத்துவமனை ரிப்போர்ட்டுகளை எப்படிப் படிப்பது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டாலும் போட்டோம், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தோம். நீங்களோ நேராக டி.என்.ஏ. டெஸ்ட்டில் வந்து நின்றீர்கள். மகளுக்கு எடுத்த பரிசோதனையில் "முக்கியத்துவம் நிச்சயமில்லாத மாற்றம்" என்று ஒரு வரி இருக்கிறது, பயப்பட வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். எச்சிலை டப்பாவில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்கிறார்களாமே, நம்பலாமா என்பது பணி ஓய்வு பெற்ற ஒருவரின் கேள்வி. பயோடெக்னாலஜி படிக்கும் மாணவி ஒருவர், "எங்கள் பாடத்தில் சாங்கர் முறையோடு நிறுத்திவிட்டார்கள் சார், அதற்கப்புறம் என்னதான் நடந்தது?" என்று எழுதியிருக்கிறார்.

மாணவியிடமிருந்து தொடங்கினால் மற்ற இருவருக்கும் பதில் போகிற வழியிலேயே கிடைத்துவிடும். கொஞ்சம் நீளமான வழிதான். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பிரெடெரிக் சாங்கர் கேம்பிரிட்ஜில் இருந்தவர். இன்சுலினின் அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக 1958-இல் ஒரு நோபல், டி.என்.ஏ.வைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததற்காக 1980-இல் இன்னொன்று. வேதியியலுக்கே இரண்டு முறை. 'சர்' பட்டம் தர முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1983-இல் ஓய்வு பெற்றதும் தோட்ட வேலைக்குப் போனார்.

அவருடைய யோசனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. டி.என்.ஏ. நகலாகும்போது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டே போகும். அடுத்த எழுத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத போலி எழுத்து ஒன்றைச் சாங்கர் பயன்படுத்தினார். போலி 'ஏ'யைக் கொஞ்சமாகக் கலந்துவிட்டால், 'ஏ' வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சில நகல்கள் மேலே போக முடியாமல் நின்றுவிடும். நின்றுபோன துண்டுகளின் நீளத்தை அளந்தால் எத்தனையாவது இடங்களில் 'ஏ' இருக்கிறது என்று தெரிந்துவிடும். இப்படி நான்கு குழாய்களில் நான்கு போலிகள். துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டு, கதிரியக்கக் குறியை எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்து, கோடுகளைக் கீழிருந்து மேலாகக் கண்ணால் படிக்க வேண்டும். 1977 பிப்ரவரியில் அவருடைய குழு, தனது முந்தைய முறையை வைத்து ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் முழு ஜீனோமையும், அதாவது அதன் மொத்த டி.என்.ஏ. எழுத்து வரிசையையும், வெளியிட்டது. பாக்டீரியாவைத் தாக்கும் குட்டி வைரஸ் அது, மொத்தமே 5,386 எழுத்து. போலி எழுத்து முறை அதே ஆண்டு டிசம்பரில் அச்சேறியது. இன்றைக்கும் ஒரே ஒரு இடத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் லேப்களில் சாங்கர் முறையைத்தான் தேடுகிறார்கள். ஆகவே பாடத்திட்டம் போட்டவர்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது.

மனித ஜீனோமோ ஏறக்குறைய 300 கோடி எழுத்து. கதிரியக்கத்துக்குப் பதில் ஒளிரும் சாயம், கண்ணுக்குப் பதில் கணினி என்று சாங்கர் முறையை இயந்திரத்தில் ஏற்றித்தான் மனித ஜீனோம் திட்டத்தை முடித்தார்கள். 1990-இல் ஆரம்பித்து 2003 ஏப்ரலில் முடிந்ததாக அறிவித்தார்கள். செலவு சுமார் 270 கோடி டாலர். இந்தக் கதையை நீங்கள் பல இடங்களில் படித்திருப்பீர்கள் என்பதால் விரிக்கவில்லை. அதிகம் பேசப்படாத ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் முதல் வரைவை அறிவிக்க நாள் குறித்தாயிற்று. அரசுத் தரப்பு விஞ்ஞானிகளிடமோ லட்சக்கணக்கான துண்டுகள்தான் இருந்தன, அவற்றை ஒட்டும் மென்பொருள் இல்லை. கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜிம் கென்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த மென்பொருளைச் சில வாரங்களில் இரவு பகலாக எழுதி முடித்தார். வலித்த மணிக்கட்டுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே எழுதினாராம். விழாவுக்கு நாலு நாள் முன்னால்தான் வரைவு கைக்கு வந்தது.

டி.என்.ஏ.வைப் படிப்பது பாதி வேலைதான், ஒட்டிப் புரிந்துகொள்வதுதான் மீதி. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் அதுவே.

இனி மாணவியின் பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி. 1997-இல் கேம்பிரிட்ஜில் ஷங்கர் பாலசுப்ரமணியன், டேவிட் க்ளெனர்மன் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் வேறு ஒரு ஆசையில் இருந்தார்கள். எழுத்துகளைக் கோக்கும் நொதி மூலக்கூறு வேலை செய்வதை, ஒளிரும் சாயத்தின் உதவியோடு நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். 'பான்டன் ஆர்ம்ஸ்' என்ற மதுக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான், எந்த நிறம் மின்னுகிறது என்று பார்க்க முடிந்தால் எந்த எழுத்து சேர்ந்தது என்றும் தெரிந்துவிடுமே என்ற எண்ணம் திரண்டது. அடுத்த ஆண்டு 'சொலெக்சா' என்ற நிறுவனம் பிறந்தது. பாலசுப்ரமணியன் 1966-இல் சென்னையில் பிறந்தவர், மறு ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து போய்விட்டார். 'நம்ம ஊர்க்காரர்' என்று மார்தட்டிக்கொள்ள நமக்குள்ள பாத்தியதை அந்த ஒரு வருஷம்தான். அவரைப் படிக்கவைத்த இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு நம்மைவிட அதிகப் பாத்தியதை உண்டு.

அந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ.வைச் சில நூறு எழுத்து நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஒட்டுப்பகுதி ஒன்றைச் சேர்க்கிறார்கள். இந்தக் கலவை 'ஃப்ளோ செல்' என்ற கண்ணாடித் தகட்டுக்குள் பாய்கிறது. தகட்டின் உட்புறத்தில் அந்த ஒட்டுப்பகுதிக்கு ஜோடியான இழைகள் புல் முளைத்த மாதிரி நிற்கும். துண்டு வந்து ஒட்டிக்கொள்கிறது, வளைந்து பக்கத்து இழையைத் தொடுகிறது, நகலாகிறது, மறுபடி வளைகிறது, மறுபடி நகலாகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டு இருந்த இடத்தில் அதன் ஆயிரம் பிரதிகள் கொண்ட கொத்து. இப்படிக் கோடிக்கணக்கில் கொத்துகள்.

அடுத்து எழுத்துகளை உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சாயமும் ஒரு தடுப்பும் இருக்கும். தடுப்பு இருப்பதால் ஒரு சுற்றுக்கு ஒரே எழுத்துதான் சேர முடியும். சேர்ந்ததும் கேமரா படம் எடுக்கிறது. எந்தக் கொத்து எந்த நிறத்தில் மின்னியதோ அதற்கு அந்த எழுத்து. பிறகு ஒரு ரசாயனம் பாய்ந்து சாயத்தையும் தடுப்பையும் நீக்கிவிட, அடுத்த எழுத்துக்கு வழி பிறக்கிறது. சாங்கர் போட்ட தடை நிரந்தரமானது, இவர்களுடையது கழற்றக்கூடியது. வித்தியாசம் அவ்வளவுதான் என்றாலும், அதனால் கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்க முடிகிறது. இப்போதைய இயந்திரங்கள் நான்கு எழுத்துக்கு இரண்டு நிறத்தை வைத்தே சமாளிக்கின்றன. ஒரு நிறம், இன்னொரு நிறம், இரண்டும் சேர்ந்தது ஆகியவற்றில் மூன்று எழுத்து போக, இருட்டாகவே இருந்தால் அது 'ஜி'. சிக்கனம் என்றால் இதுவல்லவோ சிக்கனம்!

2005-இல் சொலெக்சா முதலில் படித்துக் காட்டிய ஜீனோம் எது தெரியுமா? சாங்கரின் அதே ஃபை எக்ஸ் 174. 2006-இல் முதல் இயந்திரம் விற்பனைக்கு வந்தது, மறு ஆண்டு அமெரிக்காவின் இல்லுமினா நிறுவனம் சொலெக்சாவை வாங்கிவிட்டது. 2001-இல் ஒரு மனித ஜீனோமைப் படிக்க ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆகியிருக்கும். இன்று ஆயிரம் டாலருக்கும் கீழே. தங்கம் விலை ஏறிய வேகத்தில் எதிர்ப்பக்கமாக இறங்கிய பொருள் ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆனால் இந்த முறையில் ஒரு துண்டின் ஒரு முனையிலிருந்து 150 எழுத்துவாக்கில்தான் படிக்க முடியும். லேப்காரர்கள் இதை 'ரீட்' என்பார்கள். பிழை நேரக்கூடும் என்பதால் ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 தடவை படிக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்குச் சுமார் 60 கோடி ரீட்கள். இவற்றை எப்படி ஒட்டுவது?

பூக்கடையில் ஒரே மாதிரி தொடுத்த பல கதம்பச் சரங்களைத் தாறுமாறாக வெட்டிப் போட்டுவிட்டு, மறுபடி சேர்க்கச் சொன்னால் என்ன செய்வோம்? மரு, கனகாம்பரம், மரிக்கொழுந்து, கனகாம்பரம் என்று நிறம் மாறி வரும் இடத்தில் கஷ்டமில்லை. ஒரு துண்டின் கடைசியும் இன்னொரு துண்டின் தொடக்கமும் ஒத்துப்போவதைப் பார்த்து ஒட்டிவிடலாம். நடுவில் இரண்டு முழத்துக்கு வெறும் மல்லிகையாகவே இருந்தால்? வெட்டின துண்டோ விரல்கடை நீளம். எல்லாத் துண்டும் மல்லிகை. எது எதற்கு அடுத்தது, மொத்தம் எத்தனை முழம் மல்லிகை என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. நம் ஜீனோமில் இப்படி ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் ஏராளம், குறிப்பாகக் குரோமோசோமின் இடுப்பாகிய சென்ட்ரோமியரில். 2003-இல் முடிந்ததாக அறிவித்த ஜீனோமில் நூற்றுக்கு எட்டுப் பங்கு ஓட்டையாகவே இருந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஓட்டையை அடைக்க ஒரே வழி, மல்லிகைப் பகுதியைத் தாண்டும் அளவுக்கு நீளமான துண்டுகளை அப்படியே படிப்பது. இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சாதித்தன. பேக்பயோ, கண்ணுக்கே தெரியாத குழியின் அடியில் ஒரே ஒரு நொதியை உட்காரவைத்து, வட்டமாக்கிய டி.என்.ஏ.வை அது சுற்றிச் சுற்றிப் படிப்பதைப் படம் பிடிக்கிறது. ஒரே துண்டைப் பல முறை படிப்பதால் பிழைகள் கழிந்துவிடும். 15,000, 20,000 எழுத்து நீளமுள்ள ரீட், அதுவும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான பிழையோடு கிடைக்கிறது. மற்றது ஆக்ஸ்ஃபோர்ட் நானோபோர். எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு, மறைப்பானேன். இதில் சாயம் இல்லை, கேமரா இல்லை, நகலெடுப்பதும் இல்லை. ஒரு மெல்லிய சவ்வில் புரதத்தால் ஆன நுண்துளை, அதன் வழியே மின்னோட்டம். டி.என்.ஏ. இழை அந்தத் துளைக்குள் நொடிக்கு 400 எழுத்து வேகத்தில் நுழைந்து போகும்போது, எந்த எழுத்துகள் துளையில் இருக்கின்றனவோ அதற்குத் தக்கபடி மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அந்த நெளிவை எழுத்தாக மாற்றுவது கணினியின் வேலை. பிழை சற்றுக் கூடுதல்தான். ஆனால் இழை எவ்வளவு நீளமோ அவ்வளவும் படித்துவிடும், லட்சக்கணக்கான எழுத்து ஒரே மூச்சில்.

இவர்களுடைய 'மினயான்' கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். எடை 100 கிராம் வாக்கில். மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் போதும். 2015-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா குயிக் ஒரு முழு லேப்பையே விமானப் பயணிகளின் சாதாரணப் பெட்டிகளில் அடைத்து கினி நாட்டுக்குக் கொண்டுபோனார். மொத்த எடை 50 கிலோவுக்கும் குறைவு. அங்கேயே 142 நோயாளிகளின் மாதிரிகளைப் படித்தார்கள். மாதிரி கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் எந்தக் கிளை வைரஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடிந்தது. அதற்கு முன்னால் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஓட்டை அடைந்த கதைக்கு வருகிறேன். இந்த இரண்டு நீள வாசிப்பு முறைகளையும் சேர்த்துப் பயன்படுத்தி, ஆடம் ஃபிலிப்பி, கேரன் மிகா தலைமையிலான கூட்டணி 2022-இல் மனித ஜீனோமை முனையிலிருந்து முனைவரை வெளியிட்டது. 305 கோடிக்கும் சற்று அதிகமான எழுத்து, அதில் ஏறக்குறைய 20 கோடி எழுத்து புதிதாகப் படிக்கப்பட்டவை. அதற்கு எடுத்துக்கொண்ட செல்கள் 'முத்துப்பிள்ளை' கர்ப்பம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் ஒன்றிலிருந்து வந்தவை. அப்படிப்பட்ட செல்லில் தாயின் பங்கு இருக்காது. தந்தையின் பங்கே இரட்டித்திருக்கும். இரண்டு பிரதியும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒட்டும்போது குழப்பம் குறைவு. குழந்தையாக உருவாகாமல் போன ஒன்று இப்படி உலகத்துக்கே உபகாரமாக அமைந்தது. அதில் ஒய் குரோமோசோம் இல்லாத குறையையும் அடுத்த ஆண்டே வேறொருவரின் செல்லை வைத்துத் தீர்த்தார்கள்.

சரி, மகளின் ரிப்போர்ட்டோடு காத்திருக்கும் அந்தத் தாய்க்கு வருவோம்.

மருத்துவமனையில் எடுக்கும் பரிசோதனைகளில் ஜீனோமைப் புதிதாக ஒட்டுவதில்லை. அந்த 60 கோடி ரீட்களையும், ஏற்கெனவே இருக்கும் ஒரு மேற்கோள் ஜீனோமின் மேல் எங்கெங்கே பொருந்துகிறது என்று கணினி வைத்துப் பார்க்கும். வேறுபடும் இடங்களைப் பட்டியலிடும். இந்த 'வேரியன்ட்' பட்டியல் ஒரு முழு ஜீனோமுக்கு 40 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை வரும். உங்களுக்கும் சரி எனக்கும் சரி, ஆரோக்கியமாகத் திரியும் எவருக்கும் சரி. ஆகவே வேறுபாடு இருக்கிறது என்பது செய்தியே அல்ல. 50 லட்சத்தில் நோய்க்குக் காரணமான ஒன்றையோ இரண்டையோ பொறுக்குவதுதான் வேலை. ஊரில் நிறையப் பேருக்கு இருப்பவற்றைக் கழிக்கிறார்கள், புரதத்தைப் பாதிக்காதவற்றை ஒதுக்குகிறார்கள், நோயாளியின் அறிகுறியோடு ஒத்துப்போகும் மரபணுக்களை முன்னால் கொண்டுவருகிறார்கள். மிஞ்சுபவற்றை ஐந்து தட்டுகளில் போடுவது 2015-இலிருந்து உள்ள நடைமுறை: நோய் தருவது, நோய் தரக்கூடியது, நிச்சயமில்லாதது, தீங்கற்றதாக இருக்கலாம், தீங்கற்றது. நடுத்தட்டில் விழுவதைத்தான் வி.யு.எஸ். என்கிறார்கள்.

அம்மா, உங்கள் மகளுக்கு வந்திருப்பது அந்த நடுத்தட்டு. இந்த மாற்றத்தைக் குறித்து எந்தப் பக்கமும் சொல்லப் போதிய சான்று இன்றைக்கு இல்லை என்பதுதான் அதன் பொருள். அதை மட்டும் வைத்து எந்த சிகிச்சையும் தொடங்கக் கூடாது, எந்தச் சம்பந்தத்தையும் முறிக்கக் கூடாது. கணவன் மனைவி இருவரும் ரத்தம் கொடுத்து, அதே மாற்றம் உங்களில் ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். நோயில்லாத தந்தைக்கும் அதே மாற்றம் இருக்குமானால், பல நோய்களைப் பொறுத்தவரை அது குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

இந்த நடுத்தட்டு நம்மவர்களுக்கு ஏன் அதிகமாக நிரம்புகிறது? ஒப்பிட நம்மவர் ஜீனோம் போதாததால்தான். மேற்கோள் ஜீனோமின் பெரும்பங்கு, அமெரிக்காவில் பஃபலோ நகரத்துச் செய்தித்தாளில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ரத்தம் கொடுத்த ஒரே ஒரு மனிதருடையது. எந்த மாற்றம் சகஜம், எந்த மாற்றம் அபூர்வம் என்று சொல்லும் தரவுத்தளங்களிலும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் அதிகம். அங்கே அபூர்வமாகத் தெரிவது இங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கலாம். இந்தக் குறையைப் போக்க நடந்த முயற்சிகளில் தமிழர் பங்கும் உண்டு. 26 மக்கள் பிரிவுகளிலிருந்து 2,504 பேரைப் படித்த 'ஆயிரம் ஜீனோம்' திட்டத்தில், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். பெயர் தெரியாத அந்த நூறு பேரின் தரவை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மதுரையில் தொடங்கிய கதை ஒன்றும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பெருந்துறை தண்டபாணி, இதயத் தசை நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தார். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2009-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்து விடுபட்டிருந்தால் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து கூடுகிறது, இந்த விடுபாடு இந்தியத் துணைக்கண்டத்தவரில் நூற்றுக்குச் சுமார் நாலு பேருக்கு இருக்கிறது. வயதான பிறகே தொல்லை தருவதால் தலைமுறை தலைமுறையாகக் கண்ணில் படாமல் கடந்து வந்திருக்கிறது. ஐரோப்பியரை மட்டுமே படித்துக்கொண்டிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் கல்யாண முறையையே தொட்டது. தெற்காசியாவில் எத்தனையோ சமூகங்கள் நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வந்ததால், சில மரபணு மாற்றங்கள் சில சமூகங்களில் மட்டும் தேங்கிக் கிடக்கின்றன. அவர்கள் காட்டிய உதாரணம் ஆந்திரத்து வைசியர். அறுவை சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களில் பலருக்குக் குறைவு. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும் மருந்து இவர்களுக்கு நெடுநேரம் தெளியாது, மூச்சு விடவும் முடியாது. அங்குள்ள மயக்க மருந்து நிபுணர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த சங்கதி. சாதிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த ஆய்வைப் படிப்பது நல்லது. சாதிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மணம் செய்ததன் விலை அதில் எழுத்து எழுத்தாக இருக்கிறது.

இந்தியாவிலும் 2020-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையத்தின் தலைமையில் 'ஜீனோம் இந்தியா' திட்டம் தொடங்கியது. 83 மக்கள் பிரிவுகளிலிருந்து பத்தாயிரம் பேரின் முழு ஜீனோமையும் படித்து, 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் மூலம் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 140 கோடிப் பேரில் பத்தாயிரம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுவாகக் காணப்படும் மாற்றங்களை அடையாளம் கண்டு நடுத்தட்டிலிருந்து கழிக்க இந்த எண்ணிக்கையே பெரிய உதவி. அபூர்வமானவற்றுக்குத்தான் இது போதாது.

கிருமிகளைப் பற்றி இரண்டே வரி, ஏனென்றால் இந்த இதழிலேயே காசநோய் பற்றித் தனிக் கட்டுரை இருக்கிறது. கொரோனா வைரஸின் சுமார் 30,000 எழுத்துகளும் 2020 ஜனவரி இரண்டாம் வாரத்திலேயே உலகத்துக்குத் தெரிந்துவிட்டதால்தான் பரிசோதனையும் தடுப்பூசியும் அத்தனை சீக்கிரம் வந்தன. 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தமிழக அரசே சொந்தமாக மரபணு வரிசை ஆய்வகம் திறந்தது. காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்தைப் படித்து எந்த மருந்துக்கு அது மசியாது என்று சில நாளில் சொல்வது, வாரக்கணக்கில் வளர்த்துப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். மற்றதைக் கட்டுரையில் படியுங்கள்.

எச்சில் டப்பா விஷயம் கேட்ட பெரியவருக்கு: ஐயா, அந்தப் பூர்வீகக் கணக்கில் பெரும்பாலும் முழு ஜீனோமைப் படிப்பதே இல்லை. சில லட்சம் இடங்களை மட்டும் சிப்பில் பார்த்துவிட்டு, தங்களிடம் உள்ள தொகுப்போடு ஒப்பிட்டுச் சதவீதம் போடுகிறார்கள். தொகுப்பில் நம்மவர் குறைவாக இருந்தால் விடையும் மொட்டையாக 'தென்னிந்தியா' என்றுதான் வரும். அது உங்களுக்கே தெரியும். அதைவிடக் கவலை வேறு. ஒன்றரைக் கோடிப் பேரின் எச்சிலை வாங்கிவைத்திருந்த அமெரிக்காவின் '23 அண்ட் மீ' நிறுவனத்தில், 2023-இல் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் நிறுவனமே திவாலுக்கு மனுச் செய்தது. வாடிக்கையாளரின் டி.என்.ஏ. விவரம், கம்பெனியின் மேசை நாற்காலியோடு சேர்ந்து விற்பனைக்கு வந்த சொத்தாகிவிட்டது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது. உங்களோடு சேர்ந்து உங்கள் அண்ணன் தம்பி, பேரன் பேத்தி விவரமும் ஓரளவு போய்விடுகிறது. பொழுதுபோக்குக்காக இந்தச் சோதனை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

மருத்துவத் தேவை என்று டாக்டர் சொன்னால் அது வேறு. அப்போது தயங்கக் கூடாது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் குழு 48 நானோபோர் ஃப்ளோ செல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தீவிர சிகிச்சையில் இருந்த ஒரு நோயாளியின் ஜீனோமை 5 மணி 2 நிமிடத்தில் படித்து 2022-இல் சாதனை செய்தது. நம்மூரில் அந்த வேகம் இன்னும் வரவில்லை. ஆனாலும் பிறந்த குழந்தைக்கு ஓயாத வலிப்பு, காரணம் தெரியாத தசைத் தளர்ச்சி, குடும்பத்தில் அடுத்தடுத்து மார்பகப் புற்றுநோய் என்று வரும்போது ஒரு பரிசோதனை பல வருட அலைச்சலை மிச்சமாக்கும்.

அப்படி எடுப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். எடுப்பதற்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். முழு ஜீனோமா, புரதம் செய்யும் பகுதி மட்டுமா, சில மரபணுக்கள் மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் விலையும் வேறு, விடையும் வேறு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தப் பகுதியைத் தேடுவது என்பதே அதை வைத்து மாறும். ரிப்போர்ட் காகிதத்தோடு நிற்காமல், மூலத் தரவுக் கோப்பையும் லேப்பிடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே கோப்பை மறுபடி ஆராயச் சொல்லுங்கள். புதிதாக ரத்தம் கொடுக்கத் தேவையில்லை. அன்றைக்கு நடுத்தட்டில் கிடந்தது இதற்குள் ஏதாவது ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம்.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு வார்த்தை. ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் தரவு முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதை ஆராயும் மென்பொருள்களில் பலவும் அப்படியே. கல்லூரியில் சீக்வென்சிங் இயந்திரம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஒரு கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இந்த விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம். எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் எழுது, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்